பிரெஞ்சுக் கிராமத்தில் நான் கொன்ற கிழவர்

நான் இதுவரை எழுதியது ஒரேயொரு நாவல். அதில் ஒரு கொலை நடக்கிறது. பிரான்சின் நடுப்பகுதியில், ஆற்றோரக் கிராமம் ஒன்றில், இலையெல்லாம் கொட்டி முடிந்து குளிர் தொடங்குகிற காலத்தில், பழைய தண்ணீர் ஆலையின் சொந்தக்காரரான கிழவர் வாய்க்காலுக்குள் இறந்து கிடக்கிறார். அவரை ஊரில் எவருக்கும் பிடிக்காது. பக்கத்து நகரத்திலிருந்து முழங்கால் வருத்தத்தோடு ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்து இறங்குகிறார். ஆலையைச் சுற்றி நாள் முழுக்கக் கண்ணை மறைக்கும் பனிப்புகார். கதவுகள் எல்லாம் சாத்தியிருக்கின்றன.

இந்தக் கதையை நான் தமிழில் எழுதினேன். எழுதிய இடம் ஸ்காபரோவின் கிழக்கே, மோர்னிங்சைட்டில், பஸ் தரிப்பிடத்தைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் அப்பார்ட்மெண்டின் குசினி மேசை.

"ஏன் பிரான்ஸ்?" என்று கேட்காதவர் இல்லை. கோயிலில் கேட்டார்கள், கலியாணவீட்டில் கேட்டார்கள், பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தபோதும் கேட்டார்கள். சுருக்கமாகச் சொல்ல எனக்கு ஒருநாளும் வரவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணாவும் நானும் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு இருபதைத் தாண்டிக் கொஞ்சக் காலம். பாரிசில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள், வேலை இல்லை. யாரோ சொல்லி, தூரத்துக் கிராமம் ஒன்றில் இருந்த சிறிய ஹோட்டலின் குசினியில் அண்ணாவுக்கு இடம் கிடைத்தது. நானும் கூடவே போனேன். அந்த ஊரில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழர். மூடிக்கிடந்த பேக்கரி ஒன்றின் மேல்மாடியில் ஒற்றை அறை. யன்னலைத் திறந்தால் கல் தேவாலயம், அதற்குப் பின்னால் ஆறு, ஆற்றின் இருபுறமும் நெடிய பொப்லர் மரங்கள். பின்னேரமானால் மரப்பலகை யன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் தெரு நீளத்துக்குக் கேட்கும். பிறகு தெருவில் நாய்கூட நடமாடாது.

எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. ஒன்று தெரிந்திருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. ரொட்டி விற்கும் பாண் வான் சந்திக்கு வந்து ஹோர்ன் அடித்தபோது கிழவி ஒருத்தி கையை நீட்டிக் கேட்டது என் காதில் "பாண்" என்றுதான் விழுந்தது. நான் அறைக்கு ஓடிவந்து, "அண்ணா, இவையும் பாணைப் பாண் எண்டுதான் சொல்லினம்" என்றேன். அண்ணா அன்றைக்குத்தான் அந்த ஊரில் முதன்முதலாகச் சிரித்தார்.

மற்றச் சொற்களை நான் பெற்றது கொலைகாரர்களிடமிருந்து. ஹோட்டலில் அண்ணா கீழே குசினியில், நான் மேலே அறைகளைத் துப்புரவாக்கும் வேலையில். தங்கிப் போகிறவர்கள் மெல்லிய துப்பறியும் நாவல்களைக் கட்டிலடியில் விட்டுப் போவார்கள். முதலாளி அம்மா அவற்றைப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு கூடையில் போட்டு வைப்பா. கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அறைக்குக் கொண்டுபோனேன். மூன்று சொல்லுக்கு ஒரு சொல் விளங்கும். ஆனால் துப்பறிகிறவர் கேட்பதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். யார் வந்தது? எப்போது? எந்தப் பக்கமாகப் போனார்? ஒரே கேள்வி பத்து வீட்டில் திரும்பத் திரும்ப வரும். மொழி படிக்க அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.

புத்தகத்தில் மழை பெய்யும். நிமிர்ந்தால் யன்னலுக்கு வெளியேயும் அதே மழை பெய்யும். புத்தகத்தில் ஒரு கிராமமே வாயை மூடிக்கொண்டிருக்கும். கீழே தெருவிலும் அப்படித்தான். இறைச்சிக்கடைக்காரரின் மனைவி எதிரில் வந்தால், நேற்று வாசித்த கதையில் நஞ்சு வைத்தவள் இவள்தானோ என்று ஒரு நொடி நின்று பார்ப்பேன்.

இதனால் ஒரு சங்கடம் வந்தது. ஒரு திங்கட்கிழமை முதலாளி அம்மா, முதல்நாள் சந்தைத் திருவிழாவுக்குப் போனாயா என்று கேட்டா. நான் நேராக நின்று பதில் சொன்னேன்: "ஞாயிறு பின்னேரம் நான் என் அறையில் தனியாக இருந்தேன். என்னைக் கண்டவர்கள் எவரும் இல்லை." மனுசி என்னை ஒருமுறை பார்த்தா. பிறகு படுக்கைவிரிப்பு வண்டிலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கியவ, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நிமிர்ந்தா. அன்றிலிருந்து கூடையில் புத்தகம் குறைந்தால் தானே கடைத்தெருவில் வாங்கிப் போட்டா.

அண்ணா அங்கேயே தங்கிவிட்டார். நான் கலியாணம் முடித்து ரொறன்ரோவுக்கு வந்தேன். இங்கே என்னைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பிரெஞ்சுதான். காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் ரெலிபோனில் விபத்து விபரம் கேட்கும் வேலை. கியூபெக்கிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் தேவைப்பட்டது. நேர்முகத்தில் என்னைப் பேசவிட்டுக் கேட்ட அதிகாரி, "உங்கள் பிரெஞ்சு நல்லது, ஆனால் பொலிஸ்காரரின் பிரெஞ்சு போல இருக்கிறது" என்றார். வேலை தந்தார். ஒருமுறை, வேலியில் காரைக் கொண்டுபோய் இடித்த ஒருவர், என் கேள்விகளுக்கெல்லாம் பணிவாகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மடாம், நான் சந்தேகநபரா?" அந்த வேலையில் இன்றைக்கும் இருக்கிறேன். எனக்கு அதில் பெருமைதான். மறைக்க வேண்டிய அவசியம் தெரியவில்லை.

மகள் யூனிவர்சிற்றிக்கு வேறு நகரத்துக்குப் போன வருடம் வீடு சத்தமில்லாமல் போயிற்று. அப்போதுதான் அந்தக் கிழவரைக் கொன்றேன். வேலையால் வந்து, சமைத்து வைத்துவிட்டு, குசினி மேசையில் இருந்து எழுதுவேன். ஞாயிறு காலைகளில் எழுதியதை என் கணவருக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் நகர பஸ் சாரதி. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு கதைப்புத்தகம் தொட்டவரில்லை. ஆனால் கேட்கத் தொடங்கியபிறகு எல்லாரிலும் சந்தேகம் வந்துவிட்டது.

"உந்த பாண்காரன் சரியில்லை" என்பார். "விடியக்காலமை ஊரெல்லாம் சுத்துறவன் ஒண்டையும் காணேல்லை எண்டுறான்."

"பொறுங்கோவன், இன்னும் பாதிக் கதை கிடக்கு."

"நீர் பாவம் பாத்து அவனை விட்டிடுவீர், அதுதான் சொல்லுறன்."

நாங்கள் சண்டைபிடித்தது ஒரு லாம்பை வைத்து. கதையில் ஒரு விதவைக் கிழவி, பனிப்புகாருக்குள் பாலத்துப் பக்கமாக ஒரு லாம்பு போவதைத் தன் யன்னலால் காண்கிறாள். அவள் சொல்லும் சாட்சியில்தான் முழுக்கதையும் நிற்கிறது. எழுதிவிட்டேனே தவிர, எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த ஊர்ப் புகாரில் எதிரே நிற்கிற தேவாலயமே காணாமல் போகும். லாம்பு தெரியாது, சத்தந்தான் கேட்கும், அதை வைத்து ஆள் போன பக்கத்தைச் சொல்லலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் எத்தினை புகாருக்குள்ள பஸ் ஓடினனான். லைற் தெரியும். சத்தத்தை ஆர் கேக்கிறது?"

கிழமைக்கணக்காக இது ஓடியது. கடைசியில் நொவெம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் எழும்பிப் பார்த்தால் பஸ் தரிப்பிடத்தைக் காணவில்லை. வெளியே வெள்ளையைத் தவிர வேறொன்றுமில்லை. அவர் காற்சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"வெளிக்கிடும். போய்ப் பாப்பம்."

நகரத்துக்கு வடக்கே, ஸ்ரௌவ்வில்லுக்குக் காரை விட்டார். எங்கள் சொந்தக்காரர் வாங்கிய புதுவீட்டு வரிசைகள் முடிந்து, வெட்டிய சோள வயல்கள் தொடங்கி, தார் றோட்டு சரளைக்கல் றோட்டாக மாறுகிற இடத்தில் காரை ஓரங்கட்டினார். இறங்கினேன். அதே ஈர மண் மணம். அதே வெள்ளை. ஒரு பொப்லர் மரம் மட்டுந்தான் குறை.

அவர் ரோர்ச் லைற்றை எரித்துக்கொண்டு வயலோரமாக நடந்தார். நான் காரடியில் நின்றேன். வெளிச்சம் முதலில் ஊதிப் பெருத்தது. பிறகு கரைந்தது. பிறகு எங்கும் ஒரே வெண்மை. அதில் எந்த மூலை வெளிச்சம் என்று சொல்ல முடியாது.

"இப்ப தெரியுதோ?" என்று அவருடைய குரல் வந்தது.

"இல்லை. நீங்கள் ஏன் வலப்பக்கம் போனீங்கள்?"

"நான் எங்க வலப்பக்கம் போனன்? நேர நடந்து இடப்பக்கம் திரும்பி நிக்கிறன்."

எனக்குச் சத்தியமாக வலப்பக்கம்தான் கேட்டது.

அப்போது பின்னால் ஒரு பிக்கப் வண்டி மெல்ல வந்து நின்றது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண். என் வயதுதான் இருக்கும். பக்கத்து இருக்கையில் நாய். வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். "நான் ஒரு நாவல் எழுதுகிறேன். பனிப்புகாரில் ஒரு கொலை. எவ்வளவு தூரம் தெரியும் என்று பார்க்க வந்தோம்."

அவள் வண்டியை நிற்பாட்டினாள். சரியாக அந்த நேரம் புகாருக்குள்ளிருந்து, "இஞ்சேரும், நான் இன்னும் போகவோ?" என்று சத்தம் வந்தது.

"அவர்தான் கொலைகாரரா?" என்று கேட்டாள்.

"இல்லை, என் கணவர்."

அவள் அதை ஒரு நியாயமான பதிலாக எடுத்துக்கொண்டாள். தன் மாடுகள் புகாரில் கத்தினால் தானும் பிழையான வேலிக்குத்தான் ஓடுவதாகச் சொன்னாள். பிறகு எங்களைக் கொஞ்சம் தள்ளி, றோட்டுக்குக் கீழே ஓடை போகும் சின்னப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டுபோனாள். தண்ணீர்ச் சத்தமும் சேர்ந்தால் இன்னும் மோசம் என்றாள். அங்கே நாங்கள் மூன்று பேரும் மாறி மாறி நடந்தோம், கூப்பிட்டோம், கையால் திசையைக் காட்டினோம். அநேகமாக எல்லா முறையும் பிழைவிட்டோம். நாய்கூட ஒருதடவை எதிர்ப்பக்கம் பாய்ந்தது. ஈரத்தில் நனைந்த மயிரோடு நான் ஓடைக்கரையில் நின்று சிரித்தேன். என் விதவைக் கிழவி எனக்குக் கிடைத்துவிட்டாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் லாம்பைக் காணவும் இல்லை. அவள் கேட்டாள், கேட்ட திசை பிழை. அந்த ஒரு பிழையால் ஊர் முழுக்கப் பிழையான ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும் வழியில் கோப்பி வாங்க நிற்பாட்டினார்.

"அப்ப நாங்கள் ரெண்டு பேரும் பிழை" என்றார்.

"ஓம்."

"புத்தகம் இப்ப சரி."

புத்தகம் அச்சாகி வந்தது. அட்டைப்படத்தை மகள் வரைந்தாள்: புகாருக்குள் பாதி தெரியும், தண்ணீர் சுழற்றும் ஆலைச் சில்லு. தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். "அம்மா, ஐ ஆம் ஒன் சப்டர் த்ரீ, டோண்ட் ரெல் மீ எனிதிங்" என்று, மூன்றாம் அத்தியாயத்துக்கு மேல் கதையைச் சொல்லிவிடக் கூடாதென வாசலில் நின்றபடியே எச்சரித்தாள். ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா. வடை, தேநீர், குத்துவிளக்கு, வழமைபோலப் பிந்திய தொடக்கம்.

மதிப்பீட்டுரை சொல்ல வந்தவர் நான் மதிக்கும் விமர்சகர். நல்ல வாசகர், ஒளித்துப் பேசாதவர். மொழி நன்றாக இருக்கிறது, கிராமம் கண்ணுக்குத் தெரிகிறது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு ஒரு கவலை இருக்கு. எங்கட மண்ணில கணக்கில்லாத சாவு நடந்திருக்கு. ஆர் செய்தது எண்டு இன்னும் தெரியாது. அப்பிடியிருக்க, இந்தத் தங்கச்சி ஏன் பிரான்சில ஒரு ஆலைக்காரனைக் கொலை செய்தவனைத் தேடிக்கொண்டு போறா? இதை நான் குற்றமாச் சொல்லேல்லை. விளங்கேல்லை எண்டுதான் சொல்லுறன்."

மண்டபத்தில் சிலர் தலையாட்டினார்கள். முன்வரிசையில் என் கணவர் கையைக் கட்டிக்கொண்டார். மகள் தேநீர் மேசையடியில் அசையாமல் நின்றாள்.

ஏற்புரைக்கு நான் தயார்செய்து வைத்திருந்தது நன்றி சொல்லும் வார்த்தைகள். அவற்றை விட்டுவிட்டேன். மைக்கின் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணை, நான் பள்ளிக்கூடம் படிக்கேக்க எங்கட ஒழுங்கைத் தலைப்பில சைக்கிள் திருத்துற ஒருத்தர் இருந்தவர். என்ர சைக்கிளுக்குக் காத்தடிச்சுத் தாறவர். ஒருநாள் விடிய அவர் வேலியோரம் செத்துக் கிடந்தார். எல்லா வீட்டுப் படலையையும் சாத்திப்போட்டினம். ஒருத்தரும் வரேல்லை. பொலிஸ் வரேல்லை, நீதவான் வரேல்லை, ஆர் கடைசியாக் கண்டது எண்டு ஒருத்தர் வந்து கேக்கேல்லை. 'காணாத மாதிரி இருங்கோ' எண்டு அப்பா சொன்னார். நாங்களும் இருந்தம்."

நான் தொடர்ந்தேன்.

"பிறகு பிரான்சில, பேக்கரிக்கு மேல அந்த அறையில இருந்து முதல் புத்தகத்தை வாசிக்கிறன். ஒருத்தருக்கும் பிடிக்காத ஒரு மனுசன் செத்துப்போறான். அதுக்கு ஒரு ஆள் மழைக்குள்ள வீடு வீடாப் போறார். சப்பாத்தைத் துடைச்சிட்டு உள்ள போய், 'நீங்கள் அவரைக் கடைசியா எப்ப கண்டனீங்கள்?' எண்டு கேக்கிறார். பக்கத்து வீட்டிலயும் கேக்கிறார். அதுக்கடுத்த வீட்டிலயும் கேக்கிறார். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு நெடுநேரம் எடுத்தது, அண்ணை. கொலைகாரன் ஆர் எண்டதுகூட எனக்குப் பெரிசாப் படேல்லை. ஒரு சாவுக்கு ஒருத்தர் வந்து கேக்கலாம் எண்டதை நான் முதன்முதல் கண்டது அங்கதான். அதைத் தமிழில எழுதிப் பாக்க வேணும் போல இருந்தது. எங்கட மொழியில அந்தக் கேள்விகள் எப்பிடிக் கேக்கும் எண்டு எனக்குக் கேக்க வேணும் போல இருந்தது."

அவ்வளவுதான் சொன்னேன். நன்றி சொல்ல மறந்துபோய் இறங்கிவிட்டேன். கைதட்டி முதலில் எழும்பி நின்றவர் விமர்சகர். படியடியில் என்னை மறித்து, "எனக்கு விளங்கீட்டுது, தங்கச்சி" என்றார். அவர் எழுதிய எத்தனையோ பக்கங்களைவிட அந்த ஒரு வசனத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எல்லாரும் வடைப்பக்கம் போனபிறகு ஒரு அன்ரி என்னிடம் வந்தா. எங்கள் அப்பார்ட்மெண்டில் மேல் தளத்தில் இருப்பவ. லிஃப்ற்றில் சிரித்துக்கொள்வதற்கு மேல் பழக்கமில்லை. புத்தகத்தை எடுத்து அட்டையைத் தடவிப் பார்த்தா.

"ஊரில வைச்சு என்ர மூத்தவனைக் கூட்டிக்கொண்டு போச்சினம், அவன் திரும்பி வரேல்லை. ஒருத்தரும் வந்து ஒரு கேள்வி கேக்கேல்லை, பிள்ளை. நான்தான் எல்லாரையும் கேட்டுத் திரிஞ்சனான்."

நான் அவவின் கையைப் பிடித்தேன். வேறென்ன செய்ய.

"உம்மட கதையில கடைசியில பிடிபடுவினமோ?"

"ஓம் அன்ரி. பிடிபடுவினம்."

"அப்ப எனக்கொண்டு தாரும்."

இரண்டு கிழமை கழித்துக் கதவைத் தட்டினா. உள்ளே வந்து இருக்கவும் இல்லை. நின்றபடியே சொன்னா: "முடிவில அந்த இன்ஸ்பெக்டர் மனுசி தானே பஸ் பிடிச்சுப் போய், செத்தவன்ர தங்கச்சியை இருத்தி வைச்சு எல்லாத்தையும் முறையாச் சொல்லுறா பாரும். அந்த இடம் சரியாச் செய்திருக்கிறீர்." அந்த அத்தியாயத்தை நீக்கச் சொல்லி எத்தனையோ பேர் யோசனை சொல்லியிருந்தார்கள். கொலைகாரன் பிடிபட்டபிறகு அது எதற்கு என்றார்கள். நான் விடாப்பிடியாக வைத்திருந்தேன்.

அதன்பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் பகுதியில் இருக்கும் சமூக நிலையத்தில் முதியோர் கூடும் ஒரு பின்னேரம் உண்டு. அன்ரி அங்கே புத்தகத்தைக் கொண்டுபோய், கிழமைக்கு ஒரு அத்தியாயமாக உரத்து வாசிக்கத் தொடங்கியிருந்தா. ஒருநாள் என்னையும் வரச்சொன்னா. நான் பிந்திப் போய், பின்கதிரை ஒன்றில் இருந்தேன். ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. குளிருடுப்புகளை மடியில் வைத்துக்கொண்டு அம்மாமாரும் ஐயாமாரும் கதைக்குள்ளே, ஆலையடியில் நின்றார்கள். நான் மேல்மாடி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த தெருவில் இவர்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாதிரியார் ஏதோ மறைக்கிறார்" என்றார் தொப்பி போட்ட ஒரு ஐயா.

"அவர் மறைக்கேல்லை, அவருக்கு அது பாவமன்னிப்பில சொன்னது. வெளியில சொல்லேலாது" என்றா ஒரு அம்மா. "நீங்கள் போன கிழமை வரேல்லை, அதுதான் உங்களுக்குத் தெரியாது."

"உந்த இறைச்சிக்கடைக்காரி?"

"அவ பாவம்."

"பாவம் எண்டு ஆர் சொன்னது? ஆலைப்பக்கம் ஏன் போனவ?"

பிரெஞ்சு ஊர்ப்பெயர்கள் அவர்கள் வாயில் யாழ்ப்பாணத்துக் குறிச்சிகளின் பெயர்கள் போல உருண்டு வந்தன. அண்ணாவும் நானும் தனியாக இருந்த அந்த ஊரில் இப்போது ஒரு அறை நிறையத் தமிழர் இருந்தார்கள். வாழ்க்கையில் எனக்குப் பட்டம் கிடைத்ததில்லை, பரிசு கிடைத்ததில்லை. அந்தப் பின்கதிரையில் இருந்த பின்னேரத்தை எந்தப் பரிசுக்கும் மாற்ற மாட்டேன்.

தொப்பி போட்ட ஐயா பொறுமை இழந்தார். "கடைசிப் பக்கத்தை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன், ஆர் செய்தது?"

அன்ரி புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தா. கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தா.

"அவசரப்படாதேங்கோ" என்றா. "இன்னும் ரெண்டு வீடு விசாரிக்கக் கிடக்கு."